நம்ம வீட்டு நாய்க்குட்டி

புதன்கிழமை கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் தலைதெறிக்க ஓடிய பிறகு, என் வகுப்பு வாசலில் ஒரு பஸ் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பணப்பை, கழுத்தில் விசில். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒருத்தியின் அம்மா. பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கக் கத்திப் பழகியவள், அன்றைக்கு எனக்கே கேட்காத குரலில் பேசினாள்.

அவள் மகளை வகுப்பில் எல்லோரும் 'ரப்பர்' என்று கூப்பிடுவார்கள். ஒரு வரி எழுதினால் இரண்டு தரம் அழிப்பாள். அவள் நோட்டைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும். வாயைத் திறந்து அவள் பேசி நான் கேட்டது குறைவு. அந்த ரப்பர், அம்மா டியூட்டி முடிந்து வரும்வரை வீட்டில் இருக்கிற போனில் ஒரு விளையாட்டு விளையாடுவாளாம். அதில் வீடு கட்டலாம், தோட்டம் போடலாம், கூட விளையாடுகிறவர்களோடு எழுதிப் பேசலாம். அங்கே அவளுக்கு 'மின்மினி' என்று ஒரு தோழியாம். அவளுக்கும் எட்டு வயதுதானாம். மைக் கெட்டுப்போய்விட்டதாம், அதனால் பேச்செல்லாம் எழுத்தில்தானாம். இந்தத் 'தானாம்'களைக் கேட்கக் கேட்க, கையிலிருந்த நோட்டுக்கட்டை மேஜையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

முந்தின நாள் தற்செயலாகப் போனை எடுத்த அம்மாவின் கண்ணில், அழிக்காமல் விட்டுப்போன ஒரே ஒரு வரி பட்டிருக்கிறது. சனிக்கிழமை பார்க் வாசலில் காத்திருப்பேன், யாரிடமும் சொல்லாதே என்று. மற்றதையெல்லாம் ரப்பர் சுத்தமாக அழித்திருந்தாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தாள். பிள்ளை மூச்சு விடவில்லை. போலீசில் ஆன்லைன் குற்றங்களைப் பார்க்கிற பிரிவுக்கும் போய் வந்துவிட்டாள். அங்கிருந்த பெண் அதிகாரி போனை வாங்கி வைத்துக்கொண்டு, அழித்ததைத் திரும்ப எடுக்கக் கொஞ்ச நாளாகும், அதற்குள் பிள்ளை வாயால் வருவதுதான் பெரிய உதவி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"சனிக்கிழமை அவளை வெளிய விடப்போறதில்ல டீச்சர். ஆனா என்னென்ன சொல்லி வெச்சிருக்கான்னு தெரியலையே. ஸ்கூல் தெரியுமா, வீடு தெரியுமா, நான் எப்போ வீட்டுல இருக்க மாட்டேன்னு தெரியுமா. சனிக்கிழமை ஏமாந்தவன் ஞாயித்துக்கிழமை வீட்டு வாசலுக்கே வந்தா நான் என்ன பண்ணுவேன்."

கொஞ்ச நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, அவளை உண்மையில் அறுத்துக்கொண்டிருந்தது எதுவோ அதைச் சொன்னாள்.

"கேட்டா, 'அது எங்களுக்குள்ள'ங்கறா. 'நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டது'ங்கறா. பெத்தவ எதிர்ல நிக்கறேன் டீச்சர். அந்த 'நாங்க ரெண்டு பேரும்'ல நான் இல்ல."

அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நேராகக் கேட்டால் பிள்ளை இன்னும் மூடிக்கொள்வாள். கேட்காமல் எப்படியாவது வாயைத் திறக்க வைக்க வேண்டும். யாரிடம் வந்து கேட்டாள் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மிளகா டீச்சர்' என்று பெயர். நயமாகப் பேசுவதற்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை தலைமையாசிரியரிடம் போய் இணையப் பாதுகாப்புப் பாடத்தை இந்த வாரமே எடுக்கிறேன் என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம். வருஷ ஆரம்பத்திலேயே வந்து பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு போஸ்டரைத் தூசி தட்டிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து கறுப்பு முகமூடி போட்ட ஒருவன் கையை நீட்டுகிறான். கீழே கொட்டை எழுத்தில், 'தெரியாதவர்களிடம் பேசாதே.'

வகுப்பே சேர்ந்து அதை ராகம் போட்டுப் படித்தது. படித்து முடித்ததும் முதல் பெஞ்சில் இருக்கும் வால் கை தூக்கினான். அவன் வீட்டில் வைத்த பெயர் வேறு, செய்கிற சேட்டைக்கு நாங்கள் வைத்தது இது. இந்த மாதிரி முகமூடி மாட்டிக்கொண்டு வந்தால் யாராவது பேசுவார்களா, ஓடத்தானே செய்வார்கள் என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, போஸ்டர் மேல்.

சரி, நீங்கள் எல்லாம் ஆன்லைனில் யாரிடம்தான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். தெரிந்தவர்களிடம் மட்டும்தான் என்று ஒரே குரலில் பதில் வந்தது. தெரிந்தவர் யார் என்று தோண்டினேன். ஒருவனுக்குக் கால்பந்து விளையாட்டில் ஒரு அண்ணா. ஒருத்திக்கு விளையாட்டுக்குள் வைரம் வைரமாகப் பரிசு கொடுக்கும் ஒரு அக்கா. இன்னொருவனுக்கு ஒரு அங்கிள், ரொம்ப நல்லவர், தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பவர். இவர்களில் ஒருவர் முகத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் தெரிந்தவர்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேச்சு வந்த நாளிலிருந்து நாம்தானே சொல்லிக்கொடுக்கிறோம், அங்கிளுக்கு டாட்டா காட்டு, ஆன்ட்டிக்கு ஒரு முத்தம் கொடு என்று. தெருவில் போகிறவரை அண்ணா என்று கூப்பிட்டு வழி கேட்கிறோம். கூப்பிட்ட நிமிஷமே அந்நியன் உறவுக்காரன் ஆகிவிடுகிறான். அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் பாவம், பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனமில்லாதவன். போஸ்டரைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்தேன். ரப்பர் இதையெல்லாம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, பெஞ்சில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

என்ன செய்வது என்ற யோசனை எனக்குக் கதவைப் பார்த்து வந்தது. அந்தத் திங்கட்கிழமைதான் தமிழ்ப் பாடத்தில் 'நாம், நாங்கள்' வித்தியாசம் எடுத்திருந்தேன். அன்றைக்கு வாலை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினேன். கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், கதவு திறந்திருக்கிறது. கேட்கிறவரை விட்டுவிட்டால் நாங்கள், கதவு சாத்தியிருக்கிறது. வால் வெளியிலிருந்து கதவைத் தட்டித் தட்டி 'என்னையும் சேத்துக்கோங்க' என்று கத்த, வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பிறகு நடத்திய சோதனையில் பாதிப் பேர் தப்பாக எழுதினார்கள். தொண்டை வற்றியதுதான் மிச்சம் என்று நான் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

அதே கதவு. வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸ் கிளார்க்கைக் கூட்டி வந்து வெளியே உட்காரவைத்தேன். ஆஜானுபாகுவான மனிதர், முறுக்கு மீசை, ஆண்டு விழா நாடகங்களில் ராஜா வேஷம் அவருக்குத்தான். எட்டு வயதுப் பெண் மாதிரி எழுத வேண்டும், சனிக்கிழமை வரச் சொல்ல வேண்டும், யாரிடமும் சொல்லாதே என்று எழுத வேண்டும், மற்றது உங்கள் சாமர்த்தியம் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை, ஆனாலும் ராஜா வேஷம் போட்டவருக்கு ராணி வேஷம் பெரிதா என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகளிடம், வெளியே ஒருவர் இருக்கிறார், தனக்கு எட்டு வயது என்கிறார், சீட்டில் எழுதித்தான் பேசுவாராம் என்று மட்டும் சொன்னேன். சீட்டு கதவுக்கு அடியில் போகும், பதில் கதவுக்கு அடியில் வரும், வந்ததை நான் சத்தமாகப் படிப்பேன்.

முதலில் என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார்கள். பச்சை என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு பூ வரைந்திருந்தது. பூ வரைந்ததும் தீர்ந்தது கதை. சீட்டு பறந்தது. என் தோழியாக இருப்பாயா என்றாள் ஒருத்தி. உன் வீடு எங்கே என்று பதில் வந்தது, அவள் வீட்டுக்கு வழியே வரைந்து அனுப்பினாள். தன் அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்பதை இன்னொருத்தி எழுதி அனுப்பினாள். யாரும் இல்லாவிட்டாலும் கவலையில்லை, சாவி பூந்தொட்டிக்கு அடியில்தான் இருக்கும் என்று ஒருவன் எழுதினான். வால் தன் பேனாவையே கதவுக்கு அடியில் தள்ளிவிட்டான். டிபன் பாக்ஸ் நுழையாததால் பிழைத்தது.

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. எத்தனை சுலபமாக, எவ்வளவு ஆசையாகக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் நான் சொல்லியிருந்த சீட்டு வந்தது. படித்தேன். "நம்ம வீட்டுல ஒரு கிளி இருக்கு. சனிக்கிழமை வந்தா காட்டறேன். யார்கிட்டயும் சொல்லாத."

யார் யார் போவீர்கள் என்றேன். வகுப்பே கை தூக்கியது, ஒரு கை தவிர. ரப்பரின் கையில் ரப்பர் அப்படியே நின்றிருந்தது. அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தேன். ஒன்றாம் வகுப்பு நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார் கிளார்க். மடி நிறையச் சீட்டு, காதில் வாலின் பேனா. கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு, கீச்சுக் குரலில் வணக்கம் சொன்னார். அந்தச் சிரிப்பின் நடுவில் பூந்தொட்டிப் பையன் மட்டும் எழுந்து நின்றான்.

"டீச்சர், எங்க வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு இவருக்குத் தெரியும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லோரும் அவரவர் எழுதி அனுப்பியதை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கிளார்க்குக்கும் விளையாட்டு முகம் போய்விட்டது. சீட்டுகளை ஒவ்வொன்றாக எல்லோர் முன்னிலும் கிழித்துப் போட்டார். என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டேன். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வால்தான் நறுக்கென்று சொன்னான், யாராவது 'சொல்லாத' என்று சொன்னால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று. போஸ்டரின் பின்பக்கத்தில் அதை எழுதச் சொன்னேன். முகமூடிக்காரன் முகம் சுவரைப் பார்க்க, இப்போதும் அதுதான் மாட்டியிருக்கிறது.

மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். ரப்பர் போகவில்லை. என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேஜையின் ஓரத்தைத் தேய்த்தாள்.

"டீச்சர், அது பெரியவங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"'நம்ம வீட்டுல கிளி இருக்கு'ன்னு எழுதினாங்க. கிளி அவங்க வீட்டுல இருக்கு. கேக்கறது நாங்க. 'எங்க வீட்டுல'ன்னுதானே எழுதணும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, எனக்குப் புரிய வேண்டுமே என்ற கவலையோடு சொன்னாள். "சின்னப் பசங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க டீச்சர். எங்க வீடு, எங்க அம்மா, எங்க சைக்கிள். பெரியவங்கதான் எல்லாத்தையும் நம்ம நம்மன்னுவாங்க. கிளார்க் அங்கிள்கூட 'நம்ம பொண்ணு காலேஜ் போகுது'ம்பாரு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தச் சீட்டை வாய்விட்டுப் படித்தவள் நான். நாம், நாங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியவளும் நான். என் காதில் அது விழவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், தலைமையாசிரியர் என்று தெரிந்தவர்களையெல்லாம் மனதுக்குள் பேசவிட்டுப் பார்த்தேன். 'நம்ம கடையில இல்லாததா,' 'நம்ம வீட்டுல இன்னைக்குத் தண்ணி வரல.' ஒருவர் பாக்கியில்லாமல் அப்படித்தான் பேசுகிறார்கள். நானும்தான். எங்கள் எல்லோரையும் ஓர் எட்டு வயதுப் பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

"மின்மினியும் நம்மன்னுதான் எழுதும்," என்றாள்.

மின்மினி யார் என்று நான் கேட்கவில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

திங்கட்கிழமைப் பாடத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போய் அவள் கவனித்திருக்கிறாள். நம்ம வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறது. நம்ம வீட்டில் யாரும் திட்ட மாட்டார்கள். வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வீட்டைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம்கூட 'எங்க வீடு' என்று வரவில்லை. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், இது எட்டு வயது இல்லை, சனிக்கிழமை போகப்போவதில்லை என்று. அம்மா அடித்ததெல்லாம் அதற்கு மறுநாள்.

தெரிந்தும் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். முதல்முறையாக அவள் கண் கலங்கியது.

"சொன்னா நாய்க்குட்டியை ரோட்டுல விட்டுடுவேன்னு சொல்லுச்சு. அது பொய்க்காரின்னு தெரியும் டீச்சர். ஆனா நாய்க்குட்டி நிஜமா இருந்துட்டா?"

அடி வாங்கிக்கொண்டு, போனையும் தோழியையும் இழந்து, அம்மாவின் கண்ணீரையும் பார்த்துக்கொண்டு, இந்தப் பிள்ளை தனியாளாக ஒரு நாய்க்குட்டிக்குக் காவல் இருந்திருக்கிறது. பார்த்தே இராத நாய்க்குட்டி. ஒரு போட்டோ மட்டும் வந்ததாம்.

அப்படி ஒரு நாயே கிடையாது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும். இவளிடம் போய் இன்னொரு பெரியவள் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வதா.

"நாய்க்குட்டி நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியலம்மா," என்றேன். "நிஜமா இருந்தா, அந்த மாதிரி ஆள்கிட்ட அது இருக்கக் கூடாது. அதைக் காப்பாத்தணும்னாலும் நீ சொல்லித்தான் ஆகணும்."

யோசித்தாள். மேஜை ஓரத்தை நன்றாகத் தேய்த்தாள். பிறகு, அம்மாவைக் கூப்பிடுங்கள், அம்மா இருக்கும்போது சொல்கிறேன் என்றாள்.

அம்மா பாதி டியூட்டியில் பையை ஒப்படைத்துவிட்டு, விசிலைக் கழற்ற மறந்து ஓடிவந்தாள். அன்று சாயங்காலமே மூன்று பேரும் அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். அவர் நிதானமானவர். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஞாபகம் இருப்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார்.

ரப்பர் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் மின்மினி எழுதிய முதல் வரியிலிருந்து, அதற்கு இவள் எழுதிய பதில், அதற்கு வந்த பதில் என்று, புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே போனாள். அதிகாரி எழுதிய வேகம் போதவில்லை, இரண்டு தரம் நிறுத்தச் சொன்னார். எப்படிம்மா எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றார். அழிப்பதற்கு முன்னால் நன்றாகப் படித்துக்கொள்வேன் என்றாள். இத்தனை நாளாக அந்தப் பிள்ளையின் ஓட்டை நோட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவள் நான்.

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லியிருந்தாள். அம்மா எந்த பஸ், எப்போது வருவாள் என்பதும் போயிருந்தது. அம்மா விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீடு எங்கே என்று சொன்னாயா என்று அதிகாரி கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தோம்.

"சொல்லல. 'நம்ம வீடு எந்தத் தெரு'ன்னு கேட்டுச்சு. எனக்கும் அதுக்கும் சேர்த்து ஒரு வீடு இல்லையே. கேள்வி தப்புன்னு பதில் போடல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், இது நீங்கள் சொல்லிக்கொடுத்ததா என்கிற மாதிரி. நான் சொல்லிக்கொடுத்தது மதிப்பெண்ணுக்கு. பூட்டாக மாற்றிக்கொண்டது அவள். எல்லா அயோக்கியனும் இலக்கணப் பிழையோடு வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் வாலின் வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு தரம் படிக்கவைக்கிறேன். ஆனாலும் அந்த அறையில், என் மொழியை நானே புதிதாகக் கேட்டேன்.

சனிக்கிழமை பார்க் வாசலில் சாதாரண உடையில் சிலர் நின்றார்கள். சொன்ன நேரத்துக்கு ஓர் ஆள் வந்தான். பிடித்துவிட்டார்கள் என்று கண்டக்டர் எனக்குப் போன் பண்ணினாள். என்னைவிட வயதில் மூத்தவனாம். கையில் நாய்க்குட்டிக்குப் போடுகிற சின்னச் சங்கிலி ஒன்று இருந்ததாம். வெறும் சங்கிலி. அவன் வீட்டிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், நாய் வளர்த்த சுவடே கிடையாதாம். அதை மகளிடம் சொன்னபோது அவள், 'நல்லவேளை, அதுக்கு ஒண்ணும் ஆகல' என்று மட்டும் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது கண்டக்டர் அழுதாள். நானும்தான்.

திங்கட்கிழமை காலை கேட்டில் எனக்குக் காவல் முறை. அம்மாவே கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. ஒழுங்காகத் தூங்கினாயா என்று பிள்ளையிடம் கேட்டேன்.

"இல்ல டீச்சர். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம்."

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அது எங்களுக்குள்ளே என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

கண்டக்டர் அசையாமல் நின்றாள். "டீச்சர், கேட்டீங்களா," என்றாள்.

கேட்டேன். இந்தத் தடவை கதவுக்கு வெளியே நிற்பது நான்தான். அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் நின்றதில்லை.